சாவி இங்கே!

நடிகர் அப்பாதுரை பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

மண்டபத்துக் கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. பெட்டி திறந்ததும் தட்ட வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தட்டினார்கள், பாவம். அப்பாதுரையின் உதட்டில் இருந்த சிரிப்பு மட்டும் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. ஐந்து சவரன் நெக்லஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வெல்வெட் துணி மட்டும் கிடந்தது.

1986, தை மாதம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மாலை மணி நாலு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் வாரா வாரம் 'சொன்னால் பொன்' என்று ஒரு போட்டி. பத்துக் கேள்வி. பத்துக்கும் சரியாகச் சொன்னால் நெக்லஸ். ஒன்று தப்பினாலும் ஒரு சோப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படப்பிடிப்பு தொடங்கும்போது நெக்லஸைக் காட்டித் தேக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் முழுக்க ஜெயித்தவருக்காக மட்டும்தான் திறப்பார்கள், அதுவரை யாருக்காகவும் திறந்ததில்லை. சாவி நடிகர் அப்பாதுரையிடம். ஒவ்வொரு வாரமும் அவர் சட்டைப் பையைத் தட்டி "சாவி இங்கே!" என்பார். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட பையே இல்லாத பனியனைத் தட்டிக்கொண்டு அதைச் சொல்லித் திரிந்தன. கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை வரும்: 'நிர்வாகத் தயாரிப்பாளர் அப்பாதுரை'. அப்படியென்றால் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. பேர் வந்தது, போதாதா?

அப்பாதுரைக்குத் தண்டராம்பட்டுப் பக்கம்தான் சொந்த ஊர். அவர் முகத்துக்காகத்தான் அன்றைக்கு ஊரே திரண்டிருந்தது.

அன்றைக்கு ஜெயித்தவள் உண்ணாமலை. வேங்கிக்கால் பால்வாடி டீச்சர். பத்தாவது கேள்வி, பெரிய ஆளைவிடப் பிறந்த குழந்தைக்கு எலும்பு ஜாஸ்தியா கம்மியா என்பது. கூட்டமே "கம்மி" என்று முணுமுணுத்தது. உண்ணாமலை நிதானமாக "ஜாஸ்தி" என்றாள். வேங்கிக்காலிலிருந்து டிராக்டரில் வந்திருந்த பெண்கள் எழுந்து நின்று விசிலே அடித்துவிட்டார்கள். எல்லாம் அவளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது.

"இந்தப் பொண்ணைப் பிடிங்க!" என்று கத்தினார் சக்கரவர்த்தி. நிகழ்ச்சியை எடுக்கும் கம்பெனியின் முதலாளி, மெட்ராஸ்காரர். "சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் பந்திக்குப் போயிருந்தப்ப இவ தனியா மேடையில நின்னு பெட்டியைத் தொட்டிருக்கா. நம்ம லைட்காரர் அர்ஜுனன் கண்ணால பார்த்திருக்கார்."

கம்பெனிப் பெண்கள் இருவர் உண்ணாமலையின் கையைப் பிடித்து மணமகள் அறைக்குள் இழுத்துப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே அவள் அப்பா இருசப்பன் நின்றார். அவள் கைப்பையை யாரோ தரையில் கொட்டியிருந்தார்கள். சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, பஸ் டிக்கெட், மடித்த கைக்குட்டை. அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டார்களா? மண்டபத்து ஜனங்களின் மஞ்சப்பை, வெற்றிலைப் பை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். நெக்லஸ் கிடைக்கவில்லை.

உண்ணாமலை வெளியே வந்தபோது புடவை முந்தானையைத் தப்பாகச் செருகியிருந்தாள். நேராக்கிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மணி நாலே முக்கால். சப்-இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"உள்ள கூட்டிட்டுப் போய் சோதனை போட்டது யாரு?"

"எங்க ஸ்டாஃப்தான் மேடம்" என்றார் சக்கரவர்த்தி.

"உங்க ஸ்டாஃப் எப்ப போலீஸ்ல சேர்ந்தாங்க? வாயைத் திறக்காதீங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க." ரேணுகாம்பாள் கோபத்தை மறைத்துக்கொள்கிற ஆள் இல்லை. "பெட்டி எங்க?"

பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சின்னப் பித்தளைப் பூட்டு. ஒரு கீறல் இல்லை.

"கொண்டை ஊசியால திறந்திருப்பா மேடம்."

ரேணுகாம்பாள் தன் கொண்டையிலிருந்தே ஓர் ஊசியை உருவிப் பூட்டுக்குள் விட்டுத் திருகினார். ஊசி வளைந்தது. பூட்டில் பளிச்சென்று ஒரு கீறலும் விழுந்தது. "திறந்துச்சா? இல்ல. கீறல் விழுந்துச்சா? விழுந்துச்சு. நான் வர்றதுக்கு முன்னாடி இருந்துச்சா? கிடையாது. அப்ப சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க."

பிறகு உண்ணாமலையிடம் வந்தார். முந்தானையைச் சரி செய்துவிட்டார். அப்புறம்தான் கேள்வி.

"மேடைக்கு எதுக்கும்மா போனே?"

உண்ணாமலை தலையைத் தூக்கவில்லை. "தொட்டுக் கும்பிட்டுட்டு வரலாம்னு போனேங்க. உள்ள நகை இருக்குல்ல, லட்சுமிதானே. போட்டிக்கு முன்னாடி ஒரு தரம் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேன். அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் அழுவுறே? நீதான் எடுக்கலியே."

"வேலை போனாக்கூடப் பரவால்லீங்க. அதோ அவங்க எல்லாரும் என்னை உள்ள இழுத்துட்டுப் போனதைப் பார்த்துட்டாங்க." வேங்கிக்கால் பெண்கள் இருந்த பக்கம் கை காட்டினாள், ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கினு பால்வாடிக் கதவைத் திறப்பேன்? இவகிட்ட புள்ளையை விடலாமான்னு யோசிக்க மாட்டாங்களா?"

ரேணுகாம்பாள் வேங்கிக்கால் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். இருட்டுவதற்குள் இதை முடித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஜனம் வீட்டுக்குப் போய்விட்டால் பேச்சும் அவர்களோடு போய்விடும். அப்புறம் கோர்ட்டே சொன்னாலும் துடைக்க முடியாது.

மாடியில் மணமகன் அறை. அப்பாதுரை மெரூன் நிறப் பட்டுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடிகரின் துணிப்பெட்டி, பிளாஸ்க் சகிதம் மூர்த்தி. அப்பாதுரையின் தங்கை சரசுவின் புருஷன். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறான். நடிகருக்கு வேர்த்தால் கைக்குட்டை, காகிதம் வந்தால் மூக்குக்கண்ணாடி, எதையும் கேட்பதற்கு முன்னால் நீட்டிவிடுவான். இப்போதும் வேர்த்தது. கைக்குட்டை நீண்டது.

"நிர்வாகத் தயாரிப்பாளர் நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"நெக்லஸ் எந்தக் கடையில வாங்கினது?"

"அது... சக்கரவர்த்தி பார்த்துக்குவார்."

"கேள்வி எல்லாம் யாரு தயார் பண்றது?"

"அதுவும் அவர்தான்."

"பெட்டிக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணுதான்னு சொன்னாங்க."

"அப்ப நீங்க என்னதான் சார் பண்றீங்க?"

அப்பாதுரையின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "சாவி வெச்சிருப்பேன்."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில எல்லார் முன்னாடியும் நெக்லஸைக் காட்டிப் பூட்டினது நீங்க. திறந்ததும் நீங்க. நடுவுல அந்தச் சாவி உங்க பையை விட்டு எங்கயும் போகலியே?"

"இல்லம்மா. பையிலதான் இருந்துச்சு." பதில் ரேணுகாம்பாளுக்கு வந்தது. பார்வை மூர்த்தி பக்கம் ஓடி, உடனே தரைக்குத் திரும்பியது.

"மத்தியானம் என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டுப் படுத்துட்டேன். மூணு மணிக்கு எழுப்பிவிட்டாங்க."

"சரி, கீழ வாங்க."

மூர்த்தியும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினான். கீழே படிக்கட்டில் இருசப்பன் வழிமறித்தார். அப்பாதுரையைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சாமி. எங்களால உங்க பேருக்கு இப்பிடி ஒரு கெட்ட பேரு வந்துடுச்சு. எங்க பொண்ணு அப்பிடிப்பட்டது இல்லீங்க."

அப்பாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அந்த மனிதரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அடப் பாவமே, எவ்வளவு சுலபமாக ஒதுங்கிப் போய்விட முடிகிறது!

ஐந்தரை மணிக்கு எல்லோரையும் மேடைக்கு முன்னால் உட்கார வைத்தார் ரேணுகாம்பாள். யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கதவில் ஒரு கான்ஸ்டபிள். படம் எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்க்க ஒரு சின்ன டிவி வைத்திருந்தார்கள். அதை ஜனங்கள் பக்கமாகத் திருப்பச் சொன்னார்.

"முதல்ல இந்தப் பொண்ணு கதையை முடிச்சிடலாம்" என்றார். "நெக்லஸ் எடுத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். இன்னிக்கு இந்தப் பெட்டி திறக்கக் கூடாது. யாரும் ஜெயிக்கலன்னா என்ன ஆகும், சக்கரவர்த்தி?"

"பூட்டினபடியே வேன்ல ஏத்தி மெட்ராஸ் கொண்டு போயிடுவோம். அடுத்த ஷூட்டிங் வரைக்கும் தொட மாட்டோம்."

"எங்க காணாப் போச்சு, எப்ப காணாப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதே இல்ல. எடுத்தவங்க அந்த தைரியத்துலதான் எடுத்திருக்காங்க. பெட்டியைத் திறக்க வெச்சது யாரு? உண்ணாமலை. பத்தாவது கேள்விக்கு 'கம்மி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சோப்பு டப்பாவை வாங்கினு வீட்டுக்குப் போயிருக்கலாம். பொட்டி காலின்னு தெரிஞ்சவ, விடையும் தெரிஞ்சு, வாயைத் திறந்து 'ஜாஸ்தி'ன்னு சொல்லுவாளா? இந்த மண்டபத்துலயே நிச்சயமா திருடாத ஆளு ஒருத்தி உண்டுன்னா, அது இவதான்."

வேங்கிக்கால் வரிசையில் ஒரு கிழவி, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அவள் சொல்லவேயில்லை. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் உண்ணாமலையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

"இப்ப சாவிக்கு வருவோம். டேப்பைப் போடுங்க."

சின்ன டிவியில் அப்பாதுரை வந்தார். சந்தன நிறச் சட்டை. பையைத் தட்டினார். "சாவி இங்கே!" டேப்பை ஓட்டினார்கள். நீலச் சட்டை. "சாவி இங்கே!" இன்னும் ஓட்டினார்கள். மெரூன் சட்டை. "சாவி இங்கே!"

"ஒரே நாள்ல எதுக்கு சார் மூணு சட்டை?"

சக்கரவர்த்தி நெளிந்தார். "மூணு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாள்ல எடுத்துடுவோம் மேடம். சாருக்கு டைம் கிடையாது. சட்டை மாத்திட்டா பார்க்கறவங்களுக்கு வேற வேற நாள் மாதிரி தெரியும். எல்லாருமே செய்யறதுதான்."

"இத்தனை ஜனமும் காலையிலேர்ந்து அதைக் கண்ணால பார்த்துச்சு. ஆனா கேட்டா எல்லாரும் ஒரே பாட்டு, சாவி அவர் பையிலதான் இருந்துச்சுன்னு. நிஜம்தான். சாவி பையை விட்டுப் போகல. பைதான் அவரை விட்டுப் போயிருக்கு." ரேணுகாம்பாள் அப்பாதுரை பக்கம் திரும்பினார். "மத்தியானம் நீலச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்தீங்க. எழுந்ததும் மெரூன் சட்டையை மாட்டிக்கிட்டீங்க. மேடைக்கு வந்து தட்டினா சாவி இருக்கு. அது தானா நடந்து வந்துச்சா?"

அப்பாதுரை குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார்.

"உங்க கண்ணாடியும் கைக்குட்டையும் எப்பிடிச் சட்டைக்குச் சட்டை மாறுதோ, அப்பிடித்தான் இதுவும் மாறியிருக்கு. மாத்தற கை ஒண்ணு இருக்கு. அது இருக்கறதே உங்களுக்குத் தெரியாது, அவ்ளோ பழக்கம். நீங்க தூங்கிட்டிருந்தப்ப, ஜனம் பந்தியில இருந்தப்ப, அந்தச் சாவி யார் கையில இருந்துச்சு?"

மூர்த்தியின் கையிலிருந்த பிளாஸ்க் மூடி தரையில் விழுந்து உருண்டது.

"நகை எங்கன்னு கேப்பீங்க. இங்க எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தாச்சு. கிழவி வெத்தலைப் பையைக்கூட விடல. ஒரே ஒரு பெட்டியை மட்டும் யாரும் தொடல."

"மேடம், அது சாரோட பெட்டி!" என்று பதறினார் சக்கரவர்த்தி.

"அதனாலதான் அதைவிட நல்ல இடம் கிடையாது. சார், திறக்கலாமா? இல்ல நான் போய் உத்தரவு வாங்கிட்டு வரணுமா?"

அப்பாதுரை ரொம்ப நேரம் பெட்டியைப் பார்த்தார். "திறங்கம்மா" என்றார்.

நீலச் சட்டை அழகாக மடித்து நடுவில் இருந்தது. ரேணுகாம்பாள் அதை எடுத்து உதறினார். நெக்லஸ் மேடைப் பலகையில் விழுந்தது.

இருநூறு கண்ணும் அப்பாதுரை மேல் திரும்பின. பெட்டி அவருடையது, சட்டை அவருடையது. அந்த ஒரு நிமிஷம், பழி தன் மேல் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. 

"நான்தான்" என்றான் மூர்த்தி. "மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன்?" என்றார் ரேணுகாம்பாள்.

மூர்த்தி அவருக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாதுரையைப் பார்த்தே பேசினான். "ஆவணியில எம் பொண்ணு வயசுக்கு வந்தா. மஞ்சள் நீராட்டு வெச்சோம். 'தாய்மாமன் சீர் நான் பார்த்துக்கறேன் மாப்ள, நெக்லஸ் போடறேன்'னு நீங்களே சொன்னீங்க. அன்னிக்கு உங்க தங்கச்சி சரசு வாசல்லயே நின்னுகினு இருந்தா. பார்க்கறதுக்கு ஊர் ஜனம் தெரு முழுக்க. மத்தியானம் வரைக்கும் பொண்ணை மணையில உக்கார வெச்சுக்கினு காத்திருந்தோம். நீங்க வரல. தபால்ல ஒரு போட்டோ வந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டது. 'அன்புடன் அப்பாதுரை'. ரசிகர்களுக்கு அனுப்பற கட்டுல எங்க விலாசமும் கலந்து போயிருக்கு. கவரை ஒட்டி அனுப்பினது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான்! விலாசத்தைக்கூடப் பார்க்காம ஒட்டியிருக்கேன்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே அடங்கினார்.

"சரசு அந்தப் போட்டோவைச் சீர்த்தட்டுல வெச்சா. வேற என்ன வெப்பா? எம் பொண்ணு அதைப் பார்த்துட்டு எழுந்து உள்ள போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க மாட்டேங்கறா." சட்டென்று உண்ணாமலையின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "யாரும் ஜெயிக்க மாட்டாங்கன்னு நினைச்சேம்மா. சத்தியமா உன்னை இதுல மாட்டிவிடணும்னு நினைக்கல. ஆனா உன்னை இழுத்துட்டுப் போனப்ப வாயை மூடிக்கினு நின்னேன். அந்தப் பாவம் என்னுது."

உண்ணாமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கான்ஸ்டபிள் வந்து மூர்த்தியை அழைத்துப் போனார். போகிற போக்கில் அவன் அப்பாதுரையின் கண்ணாடியையும் கைக்குட்டையையும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்.

இதெல்லாம் நடந்த பிறகும் சக்கரவர்த்திக்கு வேலை முடியவில்லை. பரிசு கொடுக்கும் காட்சி பாக்கி.

"நெக்லஸ் கோர்ட்டுக்குப் போகணும். அப்புறம்தான் இந்தப் பொண்ணு கைக்கு வரும்" என்றார் ரேணுகாம்பாள்.

"பரவால்ல மேடம். பெட்டியை மூடியே கொடுப்போம். டிவியில யாருக்குத் தெரியப் போகுது? பொண்ணு கொஞ்சம் முகம் கழுவிட்டுச் சிரிச்சா போதும்."

ரேணுகாம்பாள் வாயைத் திறக்குமுன் உண்ணாமலை, "எடுங்க" என்றாள். முகம் கழுவிக்கொள்ளவில்லை. மேடை ஏறி நின்றாள்.

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓடியது. அப்பாதுரை காலிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பழகிய சிரிப்பை எடுத்து மாட்டப் பார்த்தார், வரவில்லை.

உண்ணாமலை கை நீட்டவில்லை.

"சார், எனக்குப் பத்துக் கேள்வி கேட்டாங்க. பத்துக்கும் சொன்னேன். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"பெட்டி காலின்னு தெரிஞ்சதும் என்னை அந்த ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. நீங்க இங்கதான் நின்னீங்க. சாவியைச் சட்டைக்குச் சட்டை மாத்தறது யாருன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா, தெரியாதா?"

"கட்! கட்!" என்று கத்தினார் சக்கரவர்த்தி. அர்ஜுனன் விளக்கை அணைக்கவில்லை. கேமராவும் நிற்கவில்லை.

அப்பாதுரை கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் இருசப்பன் மகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேங்கிக்கால் பெண்கள், பை கவிழ்க்கப்பட்ட கிழவி, அவர் பேரைப் பார்த்து வந்த அத்தனை பேரும் இருந்தார்கள். பொய் சொல்ல இடமிருந்தது. ஒரு வார்த்தை 'தெரியாது' என்றால் நம்ப அந்த ஜனம் தயாராக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

"தெரியும்மா" என்றார். "பொட்டி காலின்னு பார்த்த உடனே தெரிஞ்சிடுச்சு. என் பேரு போயிடும்னு சும்மா இருந்துட்டேன். உன்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப பார்த்துக்கிட்டுதான் நின்னேன். வெட்கமா இருக்கு."

"சரியான விடை" என்றாள் உண்ணாமலை.

யாரும் கைதட்டவில்லை. அவள் மேடையை விட்டு இறங்கி அப்பாவிடமிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். வேங்கிக்கால் வரிசையில் ஒரு பெண் எழுந்து வழிவிட்டாள். "காலையில ஒம்போது மணிக்குத் திறந்துடுவே இல்ல டீச்சர்? கடைசிப் பையனையும் நாளையிலேர்ந்து உன்கிட்டத்தான் விடணும்" என்றாள். அப்போதுதான் உண்ணாமலை அந்தப் பெண்களை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜனம் ஒவ்வொருவராக எழுந்து போனது. அப்பாதுரை மட்டும் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றார். வேர்த்தது. கைக்குட்டையை நீட்ட யாரும் வரவில்லை. அவர் கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவியது. சாவி ரேணுகாம்பாளிடம் இருந்தது.